காமனா, இரதியா? மலைநாட்டுக் கூத்தில் ஒரு தீராத வழக்கு

நாடகம் ஒன்றைக் கண்டு வீடு திரும்பும் மக்கள் கதைத் தலைவனைப் பற்றி வாதிடுவது குறைவு. தலைவனுடைய பெருமை கதையாசிரியனால் முன்னரே நிறுவப்பட்டுவிடுகின்றது. அதில் வழக்கிடுவதற்கு இடமில்லை. வழக்கு எழுவதெல்லாம் துணைப்பாத்திரங்களைப் பற்றியே. இவன் இல்லையேல் கதை நடந்திருக்குமா? இவளுக்கு உரிய இடத்தை ஆசிரியன் அளித்தானா? இத்தகைய வினாக்கள் இன்று தொலைக்காட்சித் தொடர்களைக் காண்போரிடையே நாள்தோறும் எழுகின்றன. ஆயின் இவை தொலைக்காட்சியோடு பிறந்தவை அல்ல. நாடகம் தோன்றிய நாள்முதல் அதனைக் காண்போருடன் இருந்து வருபவை.

ஆங்கில நாட்டில் சேக்சுபியர் படைத்த பால்சுடாப்பு என்னும் பருத்த உடலும் நகைச்சுவையும் கொண்ட வீரன், நான்காம் என்றி மன்னனைப் பற்றிய நாடகங்களில் ஒரு துணைப்பாத்திரமே. ஆயினும் அவன் கோழையா, அல்லனா என்னும் வினா அந்நாட்டு இரசிகரை நெடுங்காலம் பிரித்து வைத்தது. 1777இல் மாரிசு மோர்கன் என்பார் அவன் கோழை அல்லன் என்று நிறுவுவதற்கென்றே தனி நூல் ஒன்றை வெளியிட்டார். இந்தியாவில் இராமாயணத்து ஊர்மிளையைப் பற்றி இத்தகைய வழக்கொன்று எழுந்தது. இலக்குவன் தமையனோடு காடு சென்ற பதினான்கு ஆண்டுகளும் அரண்மனையில் தனித்திருந்த அப்பெண்ணைக் கவிகள் மறந்தனரே என்று இரவீந்திரநாத தாகூர் ஒரு கட்டுரையில் இரங்கினார். அந்தக் குறையை நிறைவு செய்வார்போல மைதிலி சரண் குப்தர் 1931இல் இந்தியில் சாகேதம் என்னும் காவியத்தை இயற்றி ஊர்மிளைக்கு முதன்மை அளித்தார். தமிழகத்தில் 1939இல் சா. கணேசன் தொடக்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் பட்டிமண்டப மரபை வளர்த்தது. கும்பகருணன் சிறந்தவனா, வீடணன் சிறந்தவனா என்னும் வாதத்தைக் கேட்டறியாத தமிழர் அரியர். அவ்விருவரும் இராமனுடைய கதையில் துணைப்பாத்திரங்கள்தாமே!

இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா முதலிய பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதந்தோறும் ஆடப்பெறும் காமன் கூத்தைப் பற்றியது அது. அக்கூத்தின் நாயகன் காமனா, அவன் மனைவி இரதியா என்பதே வினா. அதனினும் வியப்பு யாதெனில், இவ்விருவருமே மூலக் கதையில் துணைப்பாத்திரங்கள் என்பதாகும். மூலக் கதைக்கு உரியோரான சிவனும் உமையும் இவ்வழக்கில் இடம்பெறுவதே இல்லை. புராணத்தின் ஓரத்தில் நின்ற இருவர் கூத்தின் நடுவிடத்துக்கு வந்த வரலாறு, அக்கூத்தை ஆடிய மக்களின் வரலாற்றோடு பிணைந்தது.

முதலில் புராணம் கூறுவதைக் காண்போம். கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் ஆறு காண்டங்களையுடைய பெருநூல். அதன் முதற் காண்டமாகிய உற்பத்தி காண்டத்தில் காமதகனப் படலம் என்றொரு படலம் உண்டு. சூரபதுமனால் துன்புற்ற தேவர் தம் துயர் தீரச் சிவனுக்கு ஒரு மைந்தன் பிறத்தல் வேண்டும் எனக் கருதினர். சிவனோ மோனத்தில் வீற்றிருக்கின்றார். அம்மோனத்தைக் கலைக்குமாறு பிரமன் காமனை ஏவுகின்றான். காமன் முதலில் மறுக்கின்றான். சென்றால் எரிவேன் என்பதை அவன் நன்கு அறிவான். செல்லாவிடில் சபிப்பேன் எனப் பிரமன் அச்சுறுத்தவே, பிரமனது சாபத்தால் அழிவதினும் சிவனால் மாள்வதே மேல் எனத் துணிந்து செல்கின்றான், எரிகின்றான். பின்னர்க் கதை உமையின் தவத்தையும் திருமணத்தையும் நோக்கி விரைகின்றது. திருமணக் காலத்தில் இரதி வேண்ட, சிவன் காமனை உயிர்ப்பிக்கின்றார். அவன் இரதிக்கு மட்டுமே உருவுடையவன், ஏனையோர்க்கு உருவிலி என்பது அருளாணை. அத்துடன் அவனுடைய பங்கு முடிவுறுகின்றது.

வடமொழியில் காளிதாசர் பாடிய குமாரசம்பவத்திலும் நிலை ஏறத்தாழ இதுவே. மூன்றாம் சருக்கத்தில் காமன் எரிகின்றான். ஆயினும் காளிதாசர் ஒரு புதுமை செய்தார். நான்காம் சருக்கம் முழுவதையும் இரதியின் புலம்பலுக்கே அளித்தார். தீயில் வீழத் துணிந்த அவளை, சிவனுக்குத் திருமணம் நிகழும் நாள்வரை பொறுத்திரு என வானொலி தடுக்கின்றது. துணைப்பாத்திரத்தின் துணைவிக்கு ஒரு சருக்கம் முழுவதும் அளித்த அக்கவியின் உள்ளத்தில், மலைநாட்டு மக்கள் பின்னர் எழுப்பிய வினாவின் வித்து இருந்தது என்று கூறினும் தவறாகாது.

தமிழர் காமனைப் புராணத்தின் வழியாக மட்டும் அறிந்தவர் அல்லர். இளவேனிற் காலத்தில் காமவேளுக்கு எடுத்த விழாவைக் கலித்தொகை குறிப்பிடுகின்றது. புகார் நகரத்தில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கணவனைப் பிரிந்திருந்த கண்ணகியிடம், இரு பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம் எனத் தோழி தேவந்தி சொல்கின்றாள். அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகின்றாள். ஆண்டாளோ மறுக்கவில்லை, தை மாசித் திங்கள்களில் நோன்பிருந்து காமதேவனை வேண்டியதை நாச்சியார் திருமொழியின் தொடக்கம் காட்டுகின்றது. எனவே, சைவ புராணம் காமனை எரித்துச் சாம்பராக்குவதற்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டில் அவனுக்கு வழிபாடு இருந்தது என்பது தெளிவு. புராணத்தில் சிறியவனாயினும் ஊர் வழக்கில் அவன் சிறியவன் அல்லன்.

அவன் எரிந்த இடமும் தமிழ்நாட்டிலேயே காட்டப்படுகின்றது. சிவனுடைய வீரச் செயல்கள் நிகழ்ந்த எட்டுத் தலங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கை, காமனை எரித்த தலம் எனப் போற்றப்படுகின்றது. அப்பரடிகளின் பதிகம் பெற்ற ஊர் அது. காமவேள் கோட்டம் இருந்த புகாரும், காமன் எரிந்த குறுக்கையும் இன்று மயிலாடுதுறை என்னும் ஒரே மாவட்டத்துள் அடங்குவன. தொழுத இடமும் எரித்த இடமும் இவ்வளவு அருகில் அமைந்த காவிரி நாட்டிலே, காமன் எரிந்தானா என்னும் வினா ஒரு பெரும் பாட்டு வழக்காக எழுந்தது பொருத்தமே.

அவ்வழக்கே இலாவணி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி ஏற்பட்டது. 1855 வரை அவ்வரச மரபு நீடித்தது. மராட்டிய நாட்டு இலாவணிப் பாடல் அவர்களோடு காவிரிக் கரைக்கு வந்தது. அந்நாட்டில் பாடகர் கல்கி, துரா என இரு கட்சியாகப் பிரிந்து, சத்தி பெரிதா, சிவம் பெரிதா என வாதிடுவர். தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவ்வாதம் எரிந்த கட்சி, எரியாத கட்சி என உருமாறியது. காமன் உண்மையாகவே எரிந்தான் என்பது ஒரு கட்சி. அவன் எரியவில்லை, எரிந்திருந்தால் உலகில் உயிர்கள் எவ்வாறு பெருகும் என்பது மற்றொரு கட்சி. டேப்பு என்னும் பறையும் துந்தனாவும் முழங்க, ஒருவர் வினவ மற்றவர் விடையிறுக்க, இரவு முழுவதும் வாதம் நடைபெறும். கல்வியறிவு குறைந்த உழவரும் புராண நுணுக்கங்களைக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் ஆற்றல் பெற்றது இவ்வழக்கினாலேயே.

இத்தகைய கதைச் செல்வத்தோடுதான் தமிழ்நாட்டு உழவர் கடல் கடந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய அவ்வருகை, பின்னர்ப் பெருகியது. 1867இல் ஜேம்சு டெயிலர் உலூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆதலின் வந்து மீளும் கூலிகள், இருந்து வாழும் குடிகளாயினர். இருப்புப்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர் ஒரே இலயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியமர்ந்தனர். ஊர்கள் கலந்தன, ஊர்க் கூத்துக்களும் கலந்தன. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து என்னும் மூன்றும் மலைநாட்டின் பெருங்கூத்துக்களாக நிலைபெற்றன. அவற்றுள் தோட்டம் முழுவதையும் பலநாள் ஈடுபடுத்துவது காமன் கூத்து.

அது மலைநாட்டில் வேரூன்றியதற்குப் பருவமும் ஒரு காரணம். மாசி மாதம் மேற்கு மலைச் சரிவுகளில் வறட்சியும் குளிரும் பொருந்திய காலம். அப்போது பறிக்கும் கொழுந்து தரத்தில் உயர்ந்தது, அளவில் குறைந்தது. சித்திரை வைகாசியில் மழைக்குப் பின்னர் கொழுந்து பெருகும்போது எவர்க்கும் ஓய்விராது. பெருவேலைக்கு முற்பட்ட அந்த வறண்ட இரவுகளே கூத்துக்கு ஏற்றவையாயின. இடமும் எளிதிற் கிடைத்தது. இலயங்களுக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு வெளி காமன் பொட்டல் ஆயிற்று. விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்பு, இரவில் காமனுக்காக முழங்கிற்று.

கூத்தின் நடைமுறை தோட்டத்துக்குத் தோட்டம் சிறிது வேறுபடும். பொது வடிவம் ஒன்றே. மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையில் பொட்டலில் காமன் நடப்படுகின்றான். கரும்பு முதலியவற்றை வைக்கோற்புரியால் சுற்றிய கம்பமே காமன். அந்நாள் தொடங்கிக் காமன், இரதி வேடம் பூணுவோர் நோன்பு காப்பர். இரவுதோறும் பாட்டு நிகழும். காமனும் இரதியும் மணக்கோலத்தில் இலயங்கள்தோறும் ஆடி வருவர். முழுநிலா இரவில் ஓலையுடன் தூதன் வருவான். காமன் சிவனது தவத்தைக் கலைக்கப் புறப்படுவான். தீக்கனாக் கண்ட இரதி தடுப்பாள். இருவருக்கும் நெடிய தர்க்கம் மூளும். வீரபத்திரன், காளி முதலிய உக்கிர வேடங்கள் அச்சம் விளைக்கப் பொட்டலுக்குள் நுழையும். இறுதியில் கம்பம் எரியும், இரதி புலம்புவாள், கூடியிருக்கும் பெண்களும் உடன் அழுவர். மூன்றாம் நாள் காமன் உயிர்த்தெழும் சடங்கு நிகழும். வட இந்தியாவில் ஓலி கொண்டாடப்படுவதும் ஏறத்தாழ இதே முழுநிலாவில்தான்; மராட்டியத்திலும் கன்னட நாட்டிலும் அந்நாளில் காமனை எரிக்கும் வழக்கம் உண்டு. இலங்கையில் முழுநிலா நாள் போயா விடுமுறையாக இருப்பதும் கூத்தைக் காண்போருக்கு வாய்ப்பாக அமைந்தது.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். யாழ்ப்பாணத்துச் சைவ மரபைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்றார். அங்குக் கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் கூறுவர். காமதகனம் சில நாட்களுள் கடந்து செல்லும் ஒரு படலம். மலைநாட்டிலோ அந்த ஒரு படலமே இரு வாரங்களாக விரிந்தது. கதை ஒன்றே, நிறுத்தும் இடம் வேறு. சூரனை வெல்லும் முருகனை நோக்கிச் செல்லும் கதையில் ஒருசார் மக்கள் முருகனிடம் நிறுத்தினர். மற்றொருசார் மக்கள் எரிந்தவனிடமே நின்றுவிட்டனர். ஏன் நின்றனர் என்பதே வரலாற்று மாணவன் ஆராய வேண்டிய வினா.

கூத்து முடிந்த மறுநாள் கொழுந்து மலையிலும் தேத்தண்ணீர்க் கடையிலும் வாதம் தொடங்கும். காமனே நாயகன் என்போர் கூறும் நியாயங்கள் வலியவை. கூத்து அவன் பெயரால் வழங்குகின்றது. நடப்படுபவனும் எரிபவனும் எழுபவனும் அவனே. எல்லாவற்றுக்கும் மேலாக, எரிவோம் என்று அறிந்தே அவன் செல்கின்றான். ஏவியோர் தேவர், அவருள் எவர்க்கும் ஒரு தழும்பும் இல்லை. பயன் பெற்றோர் தேவர். தீயில் வெந்தவன் காமன் ஒருவனே. மறுத்தால் சாபம், சென்றால் சாவு என்னும் இரண்டுக்கும் நடுவில் நின்றவன் அவன்.

இந்நியாயம் தோட்டத்து மனிதர் உள்ளத்தில் ஆழப் பதிந்ததற்குக் காரணம் உண்டு. கங்காணியிடம் பெற்ற முன்பணம் கடனாக நின்றது. கடனைக் குறிக்கும் துண்டு இன்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. அத்துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. ஏவலை மறுக்கவும் ஏற்கவும் இயலாத நிலை அவர்க்குப் புராணச் செய்தி அன்று. மேலும், நாட்டார் உறவு முறையில் திருமால் உமைக்குத் தமையன். அவன் மகனாகிய காமன் சிவனுக்கு மருமகன் ஆவான். மாமனே மருமகனை எரித்தான் என்னும்போது பெருந்தெய்வக் கதை குடும்பத்து வழக்காக மாறுகின்றது. எவரும் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெறுகின்றனர்.

இரதியே நாயகி என்போரின் நியாயங்கள் இவற்றுக்குக் குறைந்தவை அல்ல. காமன் செய்வது ஏவலின் வழி நடப்பது மட்டுமே. நேர்நின்று வினவுபவள் இரதி. போகாதே என்று காரணம் காட்டித் தடுப்பவள் அவளே. யாருக்காகச் செல்கின்றாய், அவர்கள் உனக்கு என்ன செய்வர் என்னும் பொருளில் அவள் தொடுக்கும் வினாக்களுக்குக் காமனிடம் விடை இல்லை. கட்டளையைத் திரும்பச் சொல்வதே அவன் விடை. எரிதல் ஒரு நாழிகையில் முடிகின்றது. அதன் பின்னர்ப் பொட்டலில் தனித்து நிற்பவள் இரதி. உயிர்த்தெழுந்தவனும் அவள் கண்ணுக்கே புலனாவான். ஆதலின் காமன் மீண்டான் என்பதற்கு உலகத்தில் அவளைத் தவிர வேறு சான்று இல்லை. அவள் சொல்லை ஊர் நம்புவதனாலேயே கூத்து மங்கலமாக முடிகின்றது.

இவ்வாதத்தின் பின்னணியிலும் வரலாறு நிற்கின்றது. 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இலால்பகதூர் சாத்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி, 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974இல் அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. மனிதரைத் தலைக்கணக்கில் பிரித்த இவ்வொப்பந்தங்களின் விளைவாகத் தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்கும் உரியராயினர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற இரயில் வண்டிகளை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர். மேடை நிறைந்த அழுகுரலே அப்பெயரைத் தந்தது. 1984 அளவில் இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பல் நின்றபோதுதான் அப்பயணமும் நின்றது.

ஒப்பாரிக் கோச்சியைக் கண்ட கண்களுடன் இரதியின் புலம்பலைக் கேட்டவர்க்கு, அது பழங்கதையாகத் தோன்றியிராது. மேலிடத்தில் எவரோ எழுதிய ஓலை, வீட்டில் இருந்தவனை அழைத்துச் சென்றது. கேட்டறியப்படாத பெண் தனியே நின்றாள். கூத்துப் பாட்டை எவரும் இதற்காகத் திருத்தி எழுத வேண்டியதில்லை. பாட்டு அவ்வாறே இருந்தது. கேட்போர் வாழ்வு அதனருகே வந்து நின்றது. கங்காணி காலத்தில் காமனை நோக்கிய கண்கள், ஒப்பந்தக் காலத்தில் இரதியை நோக்கித் திரும்பின எனக் கொள்வது பொருந்தும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் எண்ணிப் பார்த்தல் கடன். கூத்து நேர்த்திக்காக ஆடப்படும் வழிபாடு. மழை பெய்யவும் மகப்பேறு வாய்க்கவும் நோய் நீங்கவும் வேண்டிக்கொண்டு வேடம் பூணுகின்றனர். அதனுள் துண்டையும் ஒப்பந்தத்தையும் காண்பது கற்றோர் ஏற்றிச் சொல்லும் பொருள் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. வேடம் பூண்டவன் தன்னை நடிகன் என எண்ணுவதில்லை. அந்நாட்களில் அவன் காமனே. ஆயினும் வழிபாடும் வாழ்வும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நேர்த்தி வைப்பதற்கு எத்தனையோ தெய்வங்கள் மலைநாட்டில் உண்டு. மாரியும் முனியாண்டியும் உண்டு. அவற்றுக்கிடையே எரிந்துபோன ஒருவனுக்கும் அழுது நின்ற ஒருத்திக்கும் தலைமுறை தலைமுறையாக இத்தனை இரவுகளை அளித்தனர் என்றால், அக்கதையில் தம்முடையது ஒன்றை அவர்கள் கண்டிருத்தல் வேண்டும்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. இரதி வேடத்தை மரபாகப் பூணுவோர் ஆடவரே. கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆயினும் ஆண் பெண் தொழிலாளர்க்குச் சமமான நாட்கூலி 1984இல்தான் கிடைத்தது. தோட்டத்தின் வருவாயைத் தம் கூடையில் சுமந்தவர் பொட்டலில் பார்வையாளராகவே அமர்ந்திருந்தனர். தங்கள் சொல்லைத் தாமே சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. ஓர் ஆடவன் புடைவையுடுத்து அதனைச் சொன்னான். அவன் சொன்ன சொல்லுக்கு அவர்கள் அழுதனர். மறுநாள் அதனைப் பற்றி வாதிட்டனர். இரதியின் கட்சியில் நின்று பேசிய பெண்கள் ஒரு துணைப்பாத்திரத்துக்காக மட்டும் பேசினர் என்று கொள்ளுதல் இயலாது.

இலங்கை நாடக வரலாற்றில் இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சிகள் உண்டு. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய மனமே என்னும் சிங்கள நாடகம், பழைய நாடகத்தில் துரோகியாகக் காட்டப்பட்ட இளவரசியைப் புதிய கண்கொண்டு நோக்கியது. அவள் குற்றவாளியா என்னும் விவாதத்துக்கு இடமளித்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனைப் பல்கலைக்கழகத்து மேடைக்குக் கொணர்ந்து கற்றோரின் மதிப்பைப் பெற்றுத் தந்தார். மலைநாட்டுக் காமன் கூத்துக்கு அந்த மதிப்பு காலந்தாழ்ந்தே கிடைத்தது. பேராதனையோ மலைநாட்டின் வாயிலிலேயே உள்ளது! கூலிகளின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கலையில் ஒரு சமூகத்தின் நினைவு முழுவதும் சேமிக்கப்பட்டிருந்தது என்பதைப் பிற்காலத்து ஆய்வாளரே எடுத்துக்காட்டினர்.

ஆயின் வழக்குக்குத் தீர்ப்பு யாது? எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் இருநூறு ஆண்டுகளாகத் தீர்ப்பு வழங்கப்படவில்லை. வழங்கப்பட்டிருந்தால் இலாவணி அன்றே முடிந்திருக்கும். எனினும் காரணங்களை நிறுத்துப் பார்க்குமிடத்து, இரதியின் பக்கமே தட்டுத் தாழ்கின்றது. காமனுடைய பெருமை அவன் பட்ட துன்பத்தால் வந்தது. இரதியின் பெருமையோ துன்பம் வருமுன் அதனைக் கண்டு சொன்னதாலும், வந்தபின் அதனைச் சுமந்ததாலும், போனவன் மீண்டான் என்று இறுதியில் சாட்சி சொல்வதாலும் வந்தது. காமன் இல்லையேல் எரிதல் இல்லை என்பது உண்மை. இரதி இல்லையேல் எரிந்தது ஒரு வைக்கோற்புரி மட்டுமே. அது இழப்பு என்பதை ஊருக்கு உணர்த்துபவள் அவளே.

2023இல் மலைநாட்டுத் தமிழர் தம் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். குடியுரிமைச் சிக்கல் 1988லும் 2003லும் இயற்றப்பட்ட சட்டங்களால் தீர்ந்தது; இலயங்களை விட்டு நகரங்களுக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞர் பெருகியுள்ளனர். மாசி மாதத்தில் காமன் நடப்படும் தோட்டங்கள் இன்றும் பலவுண்டு. ஆயினும் பாட்டு முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் வாத்தியார்கள் முதுமையடைந்துவிட்டனர். பழுப்பேறிய கொப்பிகளில் அவர்கள் எழுதி வைத்திருக்கும் பாட்டுக்களுள் விரைந்து சுருங்குவது இரதியின் தர்க்கமே. இரவு முழுவதும் ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துள் முடிக்க வேண்டிய நெருக்கடியில், தீயும் உக்கிர வேடங்களும் எஞ்சுகின்றன. நீண்ட வினாவிடைப் பகுதி வெட்டப்படுகின்றது. தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியரும் மாணவரும் முதலில் எழுதி வைக்க வேண்டியது அந்தப் பகுதியையே. இரதியின் வினாக்கள் மறைந்தால், நாயகன் யார் என்னும் வழக்கு தானே முடிந்துவிடும். அவ்வாறு முடிவதை இவ்வழக்கின் எந்தக் கட்சியினரும் விரும்பமாட்டார்.